தொட்டிச் செடியில் மண்புழு: மண் முதலில், புழு கடைசியில்

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பலரும் புழுவைத்தான் முதலில் வாங்குகிறார்கள். ஒரு பொட்டலம் வாங்கி வந்து, அன்றைக்கே தக்காளித் தொட்டியைக் கிளறி, புழுவைக் கொட்டி, மண்ணால் மூடித் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துத் தோண்டினால் ஒன்றும் இருக்காது. "நம் மாடிக்குப் புழு ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

புழுவின் மேல் குற்றமில்லை. தரையில் வெயில் ஏறினால் அது ஆழத்துக்குப் போகும். தீனி தீர்ந்தால் நகரும். மண்ணில் காரமான பொருள் ஏதாவது பட்டால் விலகிப் போகும். தொட்டியில் இந்த மூன்று வழியும் அடைபட்டிருக்கின்றன. தரை தானாகச் செய்து கொடுப்பதையெல்லாம் தொட்டியில் நாம் செய்து கொடுக்க வேண்டும்.

அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம்: தொட்டி, கலவை, மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு), காத்திருப்பு, சோதனை, அதன் பிறகே புழு. தமிழ்நாட்டுச் சமவெளியில் வெயில் விழும் மாடிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எந்தத் தொட்டிக்குப் புழு வேண்டும்?

எல்லாத் தொட்டிக்கும் வேண்டியதில்லை. வாய் 12 அங்குலத்துக்குக் குறைந்த தொட்டியில் புழு விடாதீர்கள். மண் குறைவாக இருந்தால் பகலில் சீக்கிரம் சூடாகும், ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் காய்ந்துவிடும். புழு தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறது. அந்தத் தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

கள்ளி, கற்றாழை, அடீனியம் போன்றவற்றுக்கு மண் அடிக்கடி காய வேண்டும். செடிக்கு நல்லதே புழுவுக்கு எமன். அவற்றில் சேர்க்கவே வேண்டாம். நாற்றுத் தட்டுகளும் அப்படித்தான். ஊர்ந்து போகும் புழு இளநாற்றின் வேரை அசைத்துவிடும்.

எலுமிச்சை, கறிவேப்பிலை, ரோஜா, மல்லிகை, முருங்கை ஆகியவை நிற்கும் பெரிய தொட்டிகளும், கத்தரி, தக்காளி, வெண்டை நட்ட அகலமான செடிப்பைகளும் ஏற்றவை. ஆழத்தைவிட அகலத்தைப் பாருங்கள். நாம் வாங்கும் உரப்புழுக்கள் மேல்மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் நடமாடும். உயரமாகவும் ஒடுக்கமாகவும் உள்ள தொட்டியில் அடிப்பாதி மண் அவற்றுக்குப் பயன்படாது.

கறுப்புப் பிளாஸ்டிக்கும் தகர டின்னும் வெயிலை வாங்கிச் சூடேறும். வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள பை நல்லது. மண்தொட்டி குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதன் சுவர் வழியாக ஈரம் போய்க்கொண்டே இருப்பதால் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

சின்னத் தொட்டி வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். மாதம் ஒரு கைப்பிடி சலித்த மண்புழு உரத்தை மேலே தூவினால் செடிக்கு அதுவே போதும்.

2. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு, ஒரு சாக்கு நிறைய காய்ந்த சருகு, பழைய கொசுவலைத் துண்டு, தொட்டிக்கு மூன்று செங்கல், சில கொட்டாங்குச்சிகள், மூடியுள்ள ஒரு வாளி, பூவாளி. இவ்வளவுதான்.

இதில் வாளியை முதல் நாளே தொடங்குங்கள். அடியில் சில துளைகள் போட்டு, ஒரு அடுக்கு சருகு, அதன்மேல் காய்கறித் தோல், மறுபடியும் சருகு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடி வையுங்கள். புழு வந்து சேரும்போது பாதி மக்கிய தீனி தயாராக இருக்க வேண்டும். புழுவை வாங்கிய பிறகு வாளியைத் தொடங்குகிறவர்கள், அவசரத்தில் பச்சைத் தோலை அப்படியே தொட்டியில் புதைத்து, சூட்டையும் கொசு ஈயையும் சேர்த்து வரவழைத்துக்கொள்கிறார்கள்.

3. தொட்டியின் அடியைச் சரிசெய்தல்

தொட்டியில் குறைந்தது நான்கைந்து துளைகள் இருக்க வேண்டும். அவற்றின்மேல் உட்புறமாகக் கொசுவலைத் துண்டை விரியுங்கள். தண்ணீர் இறங்கும், புழு இறங்காது. ஓட்டுச்சில்லு மட்டும் வைத்தால் அதன் இடுக்கு வழியாகப் புழு நழுவித் தரையில் விழுந்து காய்ந்து கிடக்கும்.

தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காதீர்கள். மூன்று செங்கல்மேல் ஏற்றுங்கள். கோடையில் சூடேறிய கான்கிரீட் இரவிலும் வெப்பத்தைக் கக்கும். அடியில் காற்றோட்டம் இருந்தால் அந்தச் சூடு தொட்டிக்குள் ஏறாது. மழைக்காலத்தில் துளை அடைபடுவதும் குறையும். அடித்தட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டில் தேங்கும் நீர் அடிமண்ணைச் சேறாக்கி, காற்றில்லாமல் செய்துவிடும்.

4. கலவை: பெரும்பாலானவர்கள் தவறும் இடம்

செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. நான் பரிந்துரைக்கும் அளவு இது. மண்ணே இல்லாமல் வெறும் நார்க்கழிவிலும் உரத்திலும் செடி வளர்ப்பது இப்போது பரவலாக இருக்கிறது. எடை குறைவு என்பதால் மாடிக்கு அது வசதிதான். ஆனால் புழுவுக்குப் பல் கிடையாது. விழுங்கிய தீனியை அரைவைப் பையில் மணல் துகள்களோடு சேர்த்துத்தான் அரைக்கிறது. அதற்காகவாவது கொஞ்சம் மண் இருக்கட்டும்.

நார்க்கழிவைக் கழுவாமல் சேர்க்காதீர்கள். கட்டியாக வரும் நார்க்கழிவில் பெரும்பாலும் உப்பு தங்கியிருக்கும். 650 கிராம் கட்டி ஒன்றைப் பெரிய வாளியில் ஊறப்போட்டால், முதலில் வரும் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றிப் பிழியுங்கள். தண்ணீர் வெளிறும்வரை செய்யுங்கள். உப்பு மண்ணில் விடப்பட்ட புழு உடலின் ஈரத்தை இழந்து சுருண்டுவிடும். முதல் நாளே தொட்டியின் விளிம்பில் ஏறி நிற்பதற்கு இதுதான் அதிகமாகக் காணும் காரணம்.

தொழு உரத்தில்தான் ஏமாற்றம் நிறைய. "பழைய சாணம்" என்று சொல்லி விற்கும் மூட்டைக்குள் பாதி பச்சையாக இருக்கும். பச்சைச் சாணம் மக்கும்போது சூடேறும், அம்மோனியா வாடை விடும். இரண்டுமே புழுவைக் கொல்லும். உரம் மக்கிவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு கைப்பிடி உரத்தை நனைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, இரண்டு நாள் நிழலில் வையுங்கள். பிரித்ததும் மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் நல்லது. மூக்கைத் துளைக்கும் நெடியோ சாக்கடை நாற்றமோ வந்தால் அந்த மூட்டையை இன்னும் ஒரு மாதம் ஈரமாக வைத்து மக்கவிடுங்கள்.

வேப்பம்புண்ணாக்கு சேர்ப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே கொஞ்சமாகச் சேர்த்துவிடுங்கள். புழு விட்ட பிறகு ஒரே இடத்தில் குவித்தால், அது ஊறிப் புளித்துச் சூடாகி அந்தப் பக்கத்துப் புழுவை விரட்டும். சுண்ணாம்பு வேண்டாம். அடுப்புச் சாம்பலும் கைப்பிடிக்கு மேல் வேண்டாம். புழுவுக்கு அமிலமும் காரமும் அதிகமில்லாத நடுநிலை மண்தான் பிடிக்கும்.

5. மூடாக்கு போட்டு இரண்டு வாரம் காத்திருங்கள்

செடியை நட்டு, தண்ணீர் விட்டு, மண்மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகு பரப்புங்கள். மா, பலா, வாழைச் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை எதுவும் ஆகும். தைல மரத்து இலையைத் தவிர்த்துவிடுங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். ஈரச் சருகு தண்டை ஒட்டிக் கிடந்தால் அந்த இடம் அழுகும்.

மூடாக்கு இரண்டு வேலை செய்கிறது. மேல்மண்ணின் சூட்டையும் வறட்சியையும் தடுக்கிறது. அடிப்பக்கம் மெல்ல மக்கிப் புழுவுக்குத் தீனியாகிறது. மூடாக்கு இல்லாத தொட்டியில் புழு மேலே வராது. மேலே வராத உரப்புழு சரியாகத் தின்னாது, பெருகாது.

இந்த இரண்டு வாரமும் வழக்கம்போல் தண்ணீர் விடுங்கள். கலவையில் மிச்சமிருக்கும் சூடும் நெடியும் இதற்குள் அடங்கும். மண்ணில் நுண்ணுயிர் பெருகும். புழு உண்மையில் தின்பது, மக்கும் பொருளையும் அதன்மேல் வளரும் நுண்ணுயிரையும் சேர்த்துத்தான். தினமும் மண்ணுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். உள்ளே கதகதப்பு தெரிந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். இந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

6. எந்தப் புழு?

விற்பனைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வெளிநாட்டு இனங்கள். ஒன்று யூட்ரிலஸ் யூஜினியே. ஆப்பிரிக்கப் புழு என்பார்கள். பெரியது, ஊதாச் சாயல் மினுக்கும், தொட்டால் துள்ளும். இன்னொன்று ஐசீனியா ஃபெடிடா. சிறியது, செந்நிறத்தில் வளையம் வளையமாக இருக்கும். நம் நாட்டிலேயே உள்ள பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் சில இடங்களில் கிடைக்கிறது. மூன்றும் மேல்மண்ணில் வாழும் உரப்புழுக்கள். மக்கும் பொருள் இருக்கும் இடத்தில்தான் நிற்கும்.

இவை தவிர, நம் வயலிலும் தோட்டத்திலும் மண்ணைக் குடைந்து வாழும் லம்பிட்டோ மாரிட்டி என்ற புழு இருக்கிறது. மழைக்காலத்தில் மண்மேல் சிறு குவியலாக எச்சம் தள்ளியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை புதுக் கல்லூரியில் மண்புழு ஆய்வு செய்த முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், அந்தந்த ஊர்ப் புழுவையே பயன்படுத்த வேண்டும் என்று நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார். தொட்டிச் செடியைப் பொறுத்தவரை அது மிகச் சரி என்பது என் கருத்து. ஆப்பிரிக்கப் புழு நிறையத் தின்னும். தீனி குறைந்தால் இரவில் வெளியே கிளம்பிவிடும். ஊர்ப் புழு மெதுவாகப் பெருகினாலும், கிடைத்ததைத் தின்றுகொண்டு மண்ணுக்குள் இருக்கும்.

வீட்டில் மண் தரை இருந்தால், நிழலான, ஈரமான மூலையில் சாணக் கரைசலைத் தெளித்து ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். சில நாட்களில் சாக்கைத் தூக்கினால் அடியில் புழு கூடியிருக்கும். அதை மண்ணோடு அள்ளிக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாதவர்கள் பெரியோனிக்ஸோ ஐசீனியாவோ கேட்டு வாங்குங்கள். வேளாண் அறிவியல் நிலையங்களிலும் மண்புழு உரம் தயாரிக்கும் விவசாயிகளிடமும் கேட்டால் இனம் தெரிந்து வாங்க முடியும்.

மீன் தூண்டிலுக்கு விற்கும் புழுவை வாங்காதீர்கள். அடிபட்டிருக்கும், என்ன இனம் என்றும் தெரியாது.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் புழு விட்ட தொட்டி மண்ணைக் காட்டோரம் கொட்ட வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டப் பகுதிகளில் பான்டோஸ்கோலெக்ஸ் என்ற வெளிநாட்டுப் புழு ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. இன்னொன்றை நாம் சேர்க்கக் கூடாது.

7. ஐந்து புழுவை வைத்துச் சோதித்தல்

வாங்கி வந்த புழுவை முழுவதும் ஒரே நாளில் விடாதீர்கள். அது வந்த உரத்தோடேயே நிழலில் ஈரமாக வைத்திருங்கள். தொட்டிக் கலவையில் இரண்டு கைப்பிடி எடுத்து, துளையிட்ட சிறு டப்பாவில் போட்டு, ஐந்து புழுவை மேலே வைத்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டி இரண்டு நாள் பாருங்கள்.

சில நிமிடங்களில் உள்ளே புகுந்து, இரண்டு நாள் கழித்துக் கிளறும்போது துடிப்பாக இருந்தால் கலவை தயார். மேலேயே முடிச்சாகச் சுருண்டு கிடந்தாலோ, டப்பாவின் சுவரில் ஏறி நின்றாலோ, உடலில் வீக்கமோ மஞ்சள் திரவமோ தெரிந்தாலோ உப்பு, சூடு, ரசாயனம் ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது. தொட்டிக்குத் தண்ணீர் விட்டு, அடியில் வடியவிட்டு, இன்னும் ஒரு வாரம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். நர்சரியிலிருந்து வாங்கிய செடியின் வேர்மண்ணில் பூச்சிமருந்துக் குருணை கலந்திருப்பதும் இந்தச் சோதனையில்தான் வெளிப்படும்.

8. புழு விடும் மாலை

வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள். மூடாக்கை ஒரு பக்கம் ஒதுக்கி, ஓரமாக உள்ளங்கை அளவு பள்ளம் பறித்து, வாளியிலிருந்து ஒரு கைப்பிடி பாதி மக்கிய தீனியைப் போட்டு, அதன்மேல் புழுவை அதனுடைய உரத்தோடு சேர்த்து வையுங்கள். புழுவின்மேல் மண் போட்டு அழுத்த வேண்டாம். வெளிச்சத்தை வெறுக்கும் உயிர். தானே உள்ளே போகும். போகாமல் மேலேயே கிடப்பவை நலமில்லாதவை. அவற்றை எடுத்துவிடுங்கள். எல்லாம் இறங்கிய பின் மூடாக்கைப் பழையபடி பரப்பி, பூவாளியால் லேசாகத் தெளியுங்கள்.

12 அங்குலத் தொட்டிக்குப் பத்துப் பதினைந்து புழு போதும். 18 அங்குலத்துக்கு இருபத்தைந்து. ஒரு கிலோ புழுவில் ஏறக்குறைய ஆயிரம் இருக்கும். அது உரத்தொட்டிக்கான அளவு, செடித்தொட்டிக்கு அல்ல. கூட்டம் அதிகமானால் தீனி போதாமல் கிளம்பும். இருக்கும் இடத்துக்கும் தீனிக்கும் தக்கபடி அவையே பெருகிக்கொள்ளும்.

முதல் சில இரவுகள் மழை வரும் என்றிருந்தால் தள்ளிப்போடுங்கள். புது இடத்தில் விடப்பட்ட புழு ஈரமான இரவில் எளிதாக வெளியே கிளம்பிவிடும். முதல் இரண்டு இரவு தொட்டிக்கு மேல் மங்கலான விளக்கு எரியவிட்டால் கிளம்பாது.

9. தீனி

புழுவை விட்டுவிட்டு மறந்துவிடுவது அடுத்த பெரிய தவறு. கலவையில் போட்ட தொழு உரம் சில மாதத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு தொட்டியில் புழுவுக்கு எதுவும் இல்லை.

வாரம் ஒரு கைப்பிடி, வாளியிலிருந்து பாதி மக்கியது. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஓரத்தில், மூடாக்குக்குக் கீழே, மண்மேல் வையுங்கள். ஆழமாகப் புதைக்காதீர்கள், காற்றில்லாமல் அழுகும், வேரும் அறுபடும். போன வாரத்துத் தீனி அப்படியே கிடந்தால் இந்த வாரம் போடாதீர்கள். தீனியைத் தொட்டி முழுக்கப் பரப்பாமல் ஒரு ஓரத்தில் மட்டும் வைப்பதற்குக் காரணம் உண்டு. அது சூடானாலோ புளித்தாலோ புழு எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும்.

வாழைப்பழத் தோல், பூசணி, சுரை, பீர்க்கைத் தோல், கீரைத் தண்டு, சர்க்கரை சேராத டீத்தூள், வாடிய பூ, பொடித்த முட்டை ஓடு எல்லாம் நல்லவை. உப்பும் எண்ணெயும் சேர்ந்த சமைத்த உணவு, ஊறுகாய், இறைச்சி, மீன் கூடாது. எலுமிச்சை, சாத்துக்குடித் தோலும், வெங்காயம், பூண்டும் வாளியில் கொஞ்சமாக இருந்தால் பாதகமில்லை. நேராகத் தொட்டியில் வேண்டாம். பூஜை முடிந்த பூவைப் போடுகிறவர்கள், குங்குமமும் நாரும் பிளாஸ்டிக் இழையும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.

பெரிய செடிப்பை வைத்திருப்பவர்களுக்குக் குழாய் முறை நல்லது. 3 அல்லது 4 அங்குல பிவிசி குழாயை, பையின் ஆழத்தைவிட நான்கு அங்குலம் நீளமாக வெட்டி, கீழ்ப்பாதியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சுற்றிலும் துளையிடுங்கள். செடி நடும்போதே ஓரமாகச் செங்குத்தாக நிறுத்தி மண் நிரப்புங்கள். பிறகு செருகினால் வேர் சிதையும். தீனியையும் சருகையும் குழாய்க்குள் போட்டு, மேல்வாயை வலைத்துணியால் கட்டிவிட்டால் எலியும் ஈயும் வராது. புழு துளை வழியே உள்ளே வந்து தின்றுவிட்டு மண்ணுக்குப் போய், அங்கே எச்சமிடும். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டால் அடிமண்ணும் நனையும்.

10. தண்ணீர்

மூடாக்குக்குக் கீழே ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்று, விரலிடுக்கில் ஓரிரு சொட்டு துளிர்த்தால் சரியான ஈரம். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. மூடாக்கின் மேல் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே சருகு மொறுமொறுவென்று இருக்கும்போதே அடியில் நன்றாக ஈரம் இருக்கும்.

ஒரே இடத்தில் குடத்தோடு கவிழ்க்காமல் பூவாளியால் பரவலாக விடுங்கள். குளோரின் வாடை வரும் குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றலாம். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் உப்பு செறிந்திருக்கும். புழு உள்ள தொட்டிக்கு ஆகவே ஆகாது. உப்புக் கிணற்று நீர்தான் கதி என்றால், மழை நாட்களில் தொட்டியை நன்றாக நனையவிட்டு உப்பை அடியில் வடியச் செய்யுங்கள்.

11. அக்னி நட்சத்திரமும் ஐப்பசி அடைமழையும்

மண்ணின் வெப்பம் 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் புழு நன்றாக இருக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் சாகத் தொடங்கும். கருவி தேவையில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மண்ணுக்குள் விரலை மூன்று அங்குலம் விட்டுப் பாருங்கள். விரலுக்கே சூடாகத் தெரிந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது.

பங்குனியிலேயே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்து, வெளிவரிசையின் மேற்குப் பக்கத்தில் ஈரச்சாக்கைச் சுற்றுங்கள். ஒரு தொட்டியின் நிழல் இன்னொன்றைக் காக்கும். மூடாக்கை மூன்று, நான்கு அங்குலமாக உயர்த்துங்கள். தண்ணீரை அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் பிரித்து விடுங்கள். நடுப்பகலில் குழாயில் வரும் கொதிநீரை மறந்தும் ஊற்றாதீர்கள். இந்த மாதங்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள்; மக்கும் தீனியும் சூடு தரும். இவ்வளவு செய்தும் மொட்டை மாடி தகித்தால், நாலைந்து தொட்டிப் புழுவையாவது அள்ளி, படிக்கட்டின் அடியில் நிழலான ஒரு வாளியில் விதைக்கூட்டமாகக் காப்பாற்றி வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் சிக்கல் வேறு. மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் நீர் நிறைந்தால் காற்று இருக்காது. புழு மேலே வந்து வெளியேறும். மழை தொடங்கும் முன் ஒரு குச்சியால் ஒவ்வொரு அடித்துளையையும் குத்திப் பாருங்கள். புழுவின் எச்சம் நுண்ணியது. அது இறங்கி வலையை அடைத்திருக்கும். புயல் நாட்களில் தொட்டியைக் கூரை ஓரத்துக்கு நகர்த்துங்கள், அல்லது ஒரு பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள். வெளியே வந்த புழுவைக் காலையில் பார்த்தால் ஈரக்கையால் எடுத்து மூடாக்குக்கு அடியில் விடுங்கள்.

12. உரமும் மருந்தும்

யூரியா, டிஏபி போன்றவற்றைத் தொட்டியில் தூவினால், கரையும் இடத்தில் உப்புச் செறிவும் அம்மோனியாவும் ஏறும். தரையில் அது பரவிக் குறையும். தொட்டியில் பரவ இடமில்லை. புழு வேண்டும் என்றால் அவற்றை விட்டுவிடுவதே நல்லது. ஜீவாமிர்தம், லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் கலந்த பஞ்சகவ்யம் என்ற நாட்டுக் கரைசல்களாலும், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா என்ற நோய் தடுக்கும் நுண்ணுயிர்களாலும் தொல்லை இல்லை.

கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையைத் தொட்டியில் போட்டால் புழு மிஞ்சாது. கார்பென்டாசிம் என்ற பூஞ்சை மருந்தும் புழுவுக்கு நஞ்சு. போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு ஆகிய பூஞ்சை மருந்துகளில் உள்ள செம்பு மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். வேப்பெண்ணெய்க் கரைசலை இலைக்குத் தெளிக்கும்போது மண்மேல் ஒரு பழைய துணியை விரித்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

13. புழு இருக்கிறதா என்று பார்ப்பது

மண்ணைத் தோண்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வேரும் வளையும் அறுபடும். மூடாக்குக்குக் கீழே, தீனி வைத்த இடத்தின்மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதைத் தூக்கினால் போதும்.

நன்றாக இருக்கும் தொட்டியில் கொட்டாங்குச்சியின் உட்புறம் வியர்த்திருக்கும். விளிம்போரம் இரண்டு மூன்று புழு ஒட்டிக்கொண்டிருந்து, வெளிச்சம் பட்டதும் சட்டென்று உள்ளிழுத்துக்கொள்ளும். கீழே ரவை போன்ற கருத்த எச்சம் கிடக்கும். உற்றுப் பார்த்தால் கேழ்வரகைவிடச் சற்றுப் பெரிய, எலுமிச்சை வடிவில் இரு முனையும் கூர்ந்த, மஞ்சளும் பழுப்புமான முட்டைக்கூடுகள் தெரியும். ஐசீனியா கூடு மூன்று வாரத்தை ஒட்டிப் பொரியும். வெள்ளை நூலிழைபோல் குஞ்சு வெளிவரும். குஞ்சைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் தொட்டி புழுவுக்குப் பிடித்துவிட்டது.

சில அடையாளங்களும் அவற்றின் காரணங்களும்:

எறும்பு சாரை சாரையாக வந்தால் மண் காய்ந்திருக்கிறது அல்லது இனிப்பான தீனி திறந்து கிடக்கிறது. ஈரத்தை உயர்த்தி, தீனியை மூடி, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். எறும்பு மருந்துப் பொடி தூவினால் புழுவும் போய்விடும்.

மண்ணில் புளித்த நாற்றம் வந்தால் தீனி அதிகம், காற்று குறைவு. மிச்சத் தீனியை எடுத்துவிட்டு, காய்ந்த சருகைக் கலந்து சில நாள் தண்ணீரைக் குறையுங்கள்.

தண்ணீர் ஊற்றியதும் அடியில் மடமடவென்று ஓடினால், மண் காய்ந்து சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கிறது. புழு துளைத்ததால் என்று நினைக்க வேண்டாம். ஓரத்து மண்ணை விரலால் அழுத்தி இடைவெளியை மூடி, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

செடி வாடி, வேரருகே புழு கூட்டமாக இருந்தால் புழுவைக் குறை சொல்லாதீர்கள். உரப்புழு உயிருள்ள வேரைத் தின்பதில்லை. வேர் ஏற்கெனவே நீர் தேங்கி அழுகிவிட்டது; அந்த அழுகலைத் தின்னத்தான் புழு வந்திருக்கிறது. வடிகாலைப் பாருங்கள்.

பூரான், எலி, மைனா மூன்றும் புழுவை விடாது. மூடாக்கின்மேல் ஒரு துண்டு கம்பிவலை போட்டால் எலியும் பறவையும் கிளறுவது நிற்கும். பூரானைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் எடுங்கள். தலை விசிறிபோல் விரிந்த, வழவழப்பான தட்டைப்புழு ஒன்று மழைக்காலத்தில் தென்படும். அது மண்புழுவை வேட்டையாடுவது. கண்டால் எடுத்து உப்பு நீரில் போடுங்கள்.

14. ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்றுதல்

புழு நன்றாக வேலை செய்த தொட்டியில் ஓராண்டில் மேல்மண்ணின் பெரும்பகுதி எச்சமாகிவிடும். சத்து நிறைந்ததுதான், ஆனால் நுண்ணிய துகள் நிறைந்தால் மண் இறுகி நீர் தேங்கும். அதனால் மழைக்காலத்துக்கு முன், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை அள்ளி எடுங்கள்.

அள்ளிய மண்ணை நிழலில் ஒரு சாக்கின்மேல் கூம்பாகக் குவித்து, மேலே விளக்கு வெளிச்சம் படும்படி வையுங்கள். அரை மணி நேரத்தில் புழு அடிக்கு இறங்கிவிடும். மேலே உள்ள மண்ணை மெல்ல வழித்தெடுத்து, மறுபடி காத்திருந்து, மறுபடி வழியுங்கள். கடைசியில் அடியில் புழு திரண்டிருக்கும். வழித்தெடுத்த மண்ணில் முட்டைக்கூடுகள் இருக்கும் என்பதால் அதைக் காயவிடாமல் மற்றத் தொட்டிகளுக்கு மேலுரமாகப் போடுங்கள். அங்கேயும் குஞ்சு பொரிக்கும்.

தொட்டியில் விட்ட இடத்தைச் செம்மண்ணும் கழுவிய நார்க்கழிவும் தொழு உரமும் கலந்த புதுக் கலவையால் நிரப்புங்கள். கலவையை இரண்டு வாரம் முன்பே நனைத்து ஆறவைத்திருக்க வேண்டும். நிரப்பிய அன்று மாலையே புழுவைத் திருப்பி விட்டு, மூடாக்கைப் பரப்பி, கொட்டாங்குச்சியைப் பழைய ஓரத்தில் கவிழ்த்துவிடலாம்.